டோனோ மூடி: எதில் எத்தனை சதவீதம்?

பிக்அப் டிரக்கின் சரக்குத் தொட்டிக்கு டோனோ மூடி போட்டால் எரிபொருள் மிச்சமாகுமா? வட அமெரிக்காவில் இது பழைய கேள்வி. மூடி விற்பவர்களின் விளம்பரங்களில் ‘பத்து சதவீதம் வரை’ என்ற வாசகம் சர்வசாதாரணமாகக் கண்ணில் படுகிறது. மிச்சமாகும் என்பதே நம் பதிலும். ஆனால் அந்தப் பத்து சதவீதத்துக்குக் கீழே எந்தப் பொறியாளரும் கையெழுத்துப் போடக் கூடாது.

முதலில் காற்றோட்டம். கேபின் கூரையின் பின்விளிம்பில் காற்று பிரிந்து, தொட்டியின் மேலாகப் போகிறது. அதற்குக் கீழே, தொட்டிக்குள், பெரிய சுழல் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது டெயில்கேட்தான். டெயில்கேட்டை இறக்கினால் காற்று தடையில்லாமல் வெளியேறும் என்று பல ஓட்டுநர்கள் இன்றும் நம்புகிறார்கள். நடப்பது வேறு: சுழல் கலைகிறது, இழுவை கூடுகிறது. கனடா தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் கெவின் கூப்பர் 2004இல் வெளியிட்ட எஸ்ஏஇ கட்டுரையில், காற்றுச் சுரங்க அளவீடுகளோடு இதைக் காட்டினார். டெயில்கேட்டை ஏற்றியே வையுங்கள் என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்ட கட்டுரை அது. மூடி போட்டால் இழுவை இன்னும் குறைகிறது. தொட்டிக்குள் இறங்கி டெயில்கேட்டின் உள்முகத்தில் மோதிய காற்று, மூடியின் தட்டையான பரப்பின் மேலாகப் போய்ப் பின்விளிம்பில் பிரிகிறது. குறைவது சில சதவீதம். தொட்டியின் நீளம், கூரையின் உயரம், பக்கக் காற்று ஆகியவற்றைப் பொறுத்து வண்டிக்கு வண்டி அது மாறும்.

இந்தச் சில சதவீதம் இழுவையில் குறைவது. அதை அப்படியே எரிபொருளில் குறைவதாக எழுதிவிடுகிறோம். நம் துறையின் பெரிய குழப்பம் இதுதான். நகரமும் நெடுஞ்சாலையும் கலந்த ஓட்டத்தில் இழுவை 10 சதவீதம் குறைந்தால் எரிபொருள் 2 முதல் 3 சதவீதம் குறையும். வேகம் மாறாத நெடுஞ்சாலை ஓட்டத்தில் அது ஏறக்குறைய 5 சதவீதம் வரை போகலாம். ஆக, மூடியால் இழுவை 5 சதவீதம் குறைந்தாலும் கலப்பு ஓட்டத்தில் கிடைப்பது ஒரு சதவீதத்தை ஒட்டித்தான். கேலனுக்கு 20 மைல் தரும் வண்டி ஆண்டுக்கு 15,000 மைல் ஓடினால் 750 கேலன் குடிக்கும். அதில் ஒரு சதவீதம் ஏழரை கேலன். பல நூறு டாலர் கொடுத்து வாங்கிய மூடியின் விலை இந்த மிச்சத்திலேயே திரும்பி வர எத்தனை ஆண்டு ஆகும் என்று வாடிக்கையாளரே கணக்குப் போட்டுவிடுவார்.

எடையையும் மறக்கக் கூடாது. கூடுதலாக 100 பவுண்டு ஏற்றினால் மைலேஜ் சுமார் ஒரு சதவீதம் குறையலாம் என்கிறது அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனத் தளம். பிக்அப் போன்ற கனமான வண்டியில் அந்தப் பாதிப்பு இன்னும் குறைவு. ஆனாலும் நாளெல்லாம் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் ஒப்பந்ததாரரின் வண்டியில் கனமான அலுமினிய மூடி எதையும் மிச்சப்படுத்தும் என்று சொல்ல முடியாது. சரக்கு நனையாது, திருட்டுப் போகாது என்று சொல்லி விற்கலாம். அது உண்மை, அதுவே போதுமான காரணமும்கூட.

அளக்கும் முறைதான் இந்த இதழுக்கு அதிகக் கவலை தருகிறது. காலையில் மூடி இல்லாமல் ஓட்டுகிறார்கள். மூடியைப் பூட்டிவிட்டு மதியம் மறுபடி ஓட்டுகிறார்கள். இடையில் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் ஏறியிருந்தால் காற்றின் அடர்த்தி 3 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கும்; இழுவையும் அதே அளவு குறைந்திருக்கும். டயர் சூடேறியதால் உருளல் தடையும் இறங்கியிருக்கும். இவ்வளவும் மூடியின் கணக்கில் வரவாகிவிடுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் வண்டிக்கு 5 கிலோமீட்டர் எதிர்காற்று வீசினாலே இழுவை 10 சதவீதம் ஏறும். மரத்தின் இலை அசையும் அளவுக் காற்று, நாம் தேடும் விளைவை முழுவதுமாக விழுங்கிவிடும். எஸ்ஏஇ ஜே1321 முறையில், மாற்றம் எதுவும் செய்யாத கட்டுப்பாட்டு வண்டி ஒன்றைக் கூடவே ஓட்டச் சொல்வது இதனால்தான். காற்றுச் சுரங்கத்தில் இந்தச் சிக்கல் இல்லை. இழுவைக் குணகம் 0.40 உள்ள வண்டியில் 5 சதவீதம் என்றால் 0.020, அதாவது 20 கவுன்ட். நல்ல சுரங்கம் அதைத் தெளிவாகப் பிடித்துவிடும்.

கணினிக் கணிப்பு செய்வோருக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்கச் சாலையில் ஓடும் வண்டிகளுக்கான வேலை சென்னையிலும் நடப்பதால் இது நம்மவர்களுக்கு நேரடியாகப் பொருந்தும். தொட்டிக்குள் இருக்கும் சுழல் நிலையாக நிற்பதில்லை. காலச் சராசரி எடுக்கும் ஆர்ஏஎன்எஸ் முறையில், காற்று எங்கே பிரிகிறது, எங்கே மறுபடி ஒட்டுகிறது என்பது தவறாக வர வாய்ப்பு அதிகம். மூடி உள்ள வண்டியைவிட மூடி இல்லாத வண்டியில்தான் பிழை கூடுதலாக வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மூடியின் பயன் என்று எழுதினால், கணிப்பின் பிழையையும் சேர்த்தே எழுதுகிறோம். டிஇஎஸ் போன்ற நேரம் சார்ந்த முறைக்குக் கணினி நேரம் அதிகம் ஆகும். மேலாளர் முகம் சுளித்தாலும் அதைக் கேட்டு வாங்குங்கள்.

மின்சாரப் பிக்அப்புகளில் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. இன்ஜின் வெப்ப இழப்பு அங்கே இல்லை; பிரேக் ஆற்றலில் ஒரு பகுதி பேட்டரிக்கே திரும்புகிறது. மிஞ்சும் செலவில் காற்றின் பங்கு பெரிது. டெஸ்லா சைபர்டிரக்கில் மூடி தயாரிப்பிலேயே வண்டியோடு சேர்ந்து வருகிறது. மூடியைப் பொறுத்தவரை இனி நல்ல ஆய்வுகள் இந்தப் பக்கமிருந்துதான் வர வேண்டும்.

அடுத்த இதழ் முதல், எரிபொருள் மிச்சம் பற்றிப் பேசும் எந்தக் கட்டுரையும் இழுவைக் குறைவையும் எரிபொருள் குறைவையும் தனித்தனியாகத் தர வேண்டும். சாலைச் சோதனை என்றால் வெப்பநிலை, காற்றின் வேகம், டயர் அழுத்தம், மூடியின் எடை ஆகியவை இருக்க வேண்டும். மூடியைக் கழற்றி மறுபடி ஒருமுறை ஓட்டிய முடிவும் வேண்டும். இவை இல்லாத கட்டுரைகளைத் திருப்பி அனுப்புவோம்.