ஷட்டரை பூட்டியாச்சு... 'போர்ட்'டை பூட்டியாச்சா?

சேலத்தை அடுத்த கொண்டப்பநாயக்கன்பட்டி. ராத்திரி கடை அடைக்கும் நேரம். கடைக்காரர் ஷட்டரை இழுத்து விடுகிறார். பூட்டு போடுகிறார். போட்ட பூட்டை ரெண்டு தடவை இழுத்துப் பார்க்கிறார். அப்புறம்தான் வீட்டுக்கு கிளம்புகிறார்.

நல்ல பழக்கம்! ஆனால், கடையைக் காக்க மாட்டிய கேமராவுக்கும் கதவு உண்டே! அதை இழுத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

இன்டர்நெட்டில் சேர்ந்த கருவிக்கு 'போர்ட்' என்பதுதான் கதவு. 1 முதல் 65 ஆயிரத்து 535 வரை எண் போட்ட கதவுகள். வேலைக்கு வேண்டியது திறந்திருக்கலாம். வேண்டாதது திறந்து கிடந்தால் ஆபத்து.

2016-ல் நடந்ததே சாட்சி. 23-ம் எண் கதவு திறந்து கிடந்த கேமராக்களிலும் ரெக்கார்டர்களிலும் 'மிராய்' என்ற வைரஸ் புகுந்தது. கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை. அதுவே அதற்கு சாவி! அக்டோபர் 21-ந் தேதி அந்த கருவிகள் கூட்டமாக 'டைன்' என்ற அமெரிக்க கம்பெனியை மொய்த்தன. ட்விட்டரும் நெட்ஃப்ளிக்ஸும் பல மணி நேரம் தடுமாறின.

மறு வருடம் மே மாதம் 'வானாக்ரை' வந்தது. இது நுழைந்தது 445-ம் எண் கதவு. பிரிட்டன் ஆஸ்பத்திரிகள் திண்டாடின. திருப்பதி தேவஸ்தான கம்ப்யூட்டர்கள் சிலவும் தப்பவில்லை.

இழுத்துப் பார்ப்பது எப்படி?

பெரிய படிப்பு வேண்டாம். கம்ப்யூட்டரில் 'டெல்நெட்' வசதி இயக்கத்தில் இருந்தால், கறுப்பு கட்டளைத் திரையில் 'டெல்நெட்' என்று அடித்து, கேமராவின் முகவரி, கதவு எண் இரண்டையும் கொடுத்தால் போதும். திரை வெறுமையானாலோ, பெயர் கேட்டாலோ கதவு திறந்திருக்கிறது. 'இணைக்க முடியவில்லை' என்று வந்தால் அந்த வழி அடைப்பு. கம்ப்யூட்டரின் சொந்தக் கதவுகளை 'நெட்ஸ்டாட்' கட்டளை பட்டியல் போட்டு காட்டும்.

ஒன்று முக்கியம். கடைக்குள் இருந்து பார்த்தால் மட்டும் போதாது. திருடன் வருவது வெளியில் இருந்து! செல்போன் டேட்டாவில் இணைத்து, கடை இன்டர்நெட்டின் வெளி முகவரிக்கும் சோதிக்க வேண்டும். திறந்திருந்தால் ரவுட்டரில் அந்த வழியை அடைத்து, பாஸ்வேர்டை உடனே மாற்ற வேண்டும்.

சோதனை சொந்தக் கடையோடு நிற்கட்டும். பக்கத்து கடைப் பூட்டை ராத்திரியில் இழுத்துப் பார்த்தால் யாராவது சும்மா விடுவார்களா? அனுமதியின்றி அடுத்தவர் கம்ப்யூட்டரில் நுழைந்தால் 2000-ம் ஆண்டு ஐ.டி. சட்டம் பாயும்.

எல்லா சுமையையும் கடைக்காரர் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. கேமரா மாட்ட வருகிறவர் ஒயரை இழுத்து, படம் தெரிகிறதா என்று காட்டிவிட்டு கிளம்புகிறார். கதவையும் சோதித்துக் காட்டுவது அவர் வேலைதான். ஐந்து நிமிஷம் ஆகுமா?

பூட்டு விற்பவர் சாவி போட்டு திருப்பிக் காட்டிய பிறகுதானே காசு வாங்குகிறார்? கேமராவுக்கும் அதே வழக்கம் வரட்டும். சோதனை முதலில், பில் பிறகு!