கன்டெய்னர் லினக்ஸ்: வீட்டு டிஸ்க்கில் வேண்டாம்

வீட்டில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளை இருந்தால் 'டாக்கர்', 'கன்டெய்னர்' என்ற பெயர்கள் உங்கள் காதில் விழுந்திருக்கும். ஒரு புரோகிராமையும் அது இயங்கத் தேவையான பைல்களையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தனியே இயக்குவதுதான் கன்டெய்னர். இதற்கென்றே தயாரான லினக்ஸ் சிஸ்டங்கள் உண்டு. வீட்டில் தாராளமாகப் பழகுங்கள். ஆனால் விர்ச்சுவல் மெஷினில் மட்டும் என்பது என் கட்சி.

உறையூரில் எங்கள் பகுதியில் பல வீடுகளில் ஒரே கம்ப்யூட்டர்தான். கைத்தறிப் புடவை வியாபாரக் கணக்கு, கல்யாண போட்டோ, பையனின் ப்ராஜெக்ட் எல்லாம் அதில்தான் இருக்கும். கன்டெய்னர் லினக்ஸோ விண்டோஸுக்குப் பக்கத்தில் ஓரமாக உட்காரும் ரகம் அல்ல. இன்ஸ்டால் செய்தால் டிஸ்க் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். கணக்கு போனது போனதுதான்.

விர்ச்சுவல்பாக்ஸ் என்ற புரோகிராம் இலவசமாகவே கிடைக்கிறது. பயாஸில் விர்ச்சுவலைசேஷன் வசதியை ஆன் செய்துவிட்டு, புதிய மெஷினுக்கு 2 ஜிபி ராம் ஒதுக்குங்கள். மொத்தமே 4 ஜிபி ராம் என்றால் விட்டுவிடுங்கள், விண்டோஸே மூச்சு வாங்கும்.

பழைய புத்தகங்கள் 'கோர்ஓஎஸ் கன்டெய்னர் லினக்ஸ்' என்று சொல்லும். 2013-ல் வந்த அதை 2018-ல் ரெட் ஹாட் நிறுவனம் வாங்கியது. 2020 மே மாதம் நிறுத்திவிட்டார்கள். அதற்கு இப்போது பாதுகாப்பு அப்டேட் கிடையாது. பெடோரா கோர்ஓஎஸ் அல்லது பிளாட்கார் எடுங்கள்.

பெடோரா கோர்ஓஎஸ்ஸில் புதியவர்கள் திணறும் இடம் ஒன்று உண்டு. இன்ஸ்டால் ஆனதும் கறுப்புத் திரையில் லாகின் கேட்கும். டீபால்ட் பாஸ்வேர்ட் என்று ஒன்றுமே கிடையாது! யூசர் யார், பாஸ்வேர்ட் அல்லது எஸ்.எஸ்.ஹெச். கீ எது என்பதை முன்கூட்டியே 'இக்னிஷன்' என்ற பைலில் எழுதித் தர வேண்டும். சிஸ்டம் முதல் பூட்டில் ஒரே ஒரு தடவைதான் அதைப் படிக்கும். எழுத்து ஒன்று பிசகினால் உள்ளே நுழைய முடியாமல் போகலாம். விர்ச்சுவல் மெஷின் என்றால் கவலையில்லை. டெலீட் செய்துவிட்டு, பைலைத் திருத்தி, புதிதாக ஒன்று உருவாக்கினால் ஆயிற்று. எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்யலாம், பக்கத்திலேயே வியாபாரக் கணக்கு பத்திரமாக இருக்கும்.

டெஸ்க்டாப், ஐகான் எதையும் இதில் எதிர்பார்க்காதீர்கள், எல்லாம் கட்டளைதான். லினக்ஸே இதுதான் முதல் தடவை என்றால், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸை அதே விர்ச்சுவல்பாக்ஸில் போட்டு ஒரு மாதம் பழகிவிட்டு வாருங்கள். அதில் டெஸ்க்டாப் உண்டு, தமிழிலும் வேலை செய்யலாம்.