ஆனந்த பவனமும் வீட்டு வரியும்

அலகாபாத் என்று நெடுங்காலம் வழங்கி, 2018-ல் பிரயாக்ராஜ் எனப் பெயர் மாற்றப்பெற்ற நகரத்தில் ஸ்வராஜ்ய பவனமும் ஆனந்த பவனமும் அருகருகே நிற்கின்றன. இவற்றுக்கு வீட்டு வரி பாக்கி 4 கோடி ரூபாய்க்கு மேல் என்று நகர சபையார் 2019-ல் நோட்டீஸ் விடுத்தனர். தொகை சரியா, தவறா என்பது கணக்கர் பார்க்க வேண்டியது. இத்தகைய வீடுகளை எந்த இனத்தில் சேர்ப்பது என்பதே பொதுஜனங்கள் யோசிக்கத் தக்க விஷயம்.

பண்டித மோதிலால் நேரு 1900-ல் வாங்கிய பழைய மாளிகையே முதலில் ஆனந்த பவனம் எனப்பட்டது. வக்கீல் தொழிலில் ஏராளமாகப் பொருளீட்டிய அவர், ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்து அத்தொழிலையே துறந்தார். காங்கிரஸ் கொள்கைப்படி அபராதம் கட்ட மறுத்ததனால், போலீசார் அவ்வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்து கொண்டுபோன நாட்களும் உண்டு. 1930-ல் அம்மாளிகையைக் காங்கிரஸுக்கே தத்தம் செய்தார். அது ஸ்வராஜ்ய பவனமாயிற்று. பக்கத்தில் எழுந்த புதிய வீடு பழைய பெயரை ஏற்றது. அதனையும் அவர் பேத்தி ஸ்ரீமதி இந்திரா காந்தி 1970-ல் தேசத்துக்கு அளித்தார். இன்று அது காட்சிசாலை.

"சட்டம் எல்லோருக்கும் ஒன்றன்றோ? பெரியோர் வீடென்பதற்காக வரியை விடலாமா?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பெயருக்காக விலக்குக் கேட்பது ஜனநாயகத்துக்கு ஒவ்வாது. ஆனால் நாம் கேட்பது உபயோகத்துக்காக. உடையவரே பாத்தியதையை விட்டொழித்து, ஒருவரும் குடியிராமல், எவருடைய சொந்த லாபத்துக்கும் உதவாமல் நிற்கும் வீட்டை, வாடகைக்கு விட்டுப் பணம் சேர்க்கும் கட்டிடத்தோடு ஒரே தராசில் நிறுத்தலாகாது. இதற்குத் திட்டமான விதி வேண்டும். அது எந்தக் கட்சித் தலைவரின் வீட்டுக்கும் ஒன்றுபோல் செல்ல வேண்டும்.

விலக்குப் பெறுவோருக்கும் கடமையுண்டு. வரவு செலவைத் தர்மகர்த்தாக்கள் ஆண்டுதோறும் பிரசுரிக்க வேண்டும். ஏழையும் தயக்கமின்றி உள்ளே வர வழியிருக்க வேண்டும். ஒரு குடும்பத்தின் பெருமையை மட்டும் காட்டாமல், அங்கு வந்து வேலை செய்து சிறை புகுந்த, பேர் தெரியாத தொண்டர்களின் கதையையும் அச்சுவர்கள் சொல்ல வேண்டும். இவற்றில் தவறினால் விலக்குக் கோரும் உரிமையும் போகும்.

மாளிகை கட்டிய செல்வர் நம் நாட்டில் அநேகர். கட்டியதைக் கொடுத்தவர் சிலரே. அவ்வீட்டில் நாம் பாதுகாப்பது கல்லையும் சுண்ணாம்பையுமன்று, அந்தக் கொடையை. அதன் மதிப்பை எந்த வரிப் புஸ்தகத்தில் ஏற்றுவது?