ஊரைப் படி! ஊரிலேயே கிட என்று சொல்லாதே!

நன்றாகப் படித்தால் பட்டணம். படிக்காவிட்டால் வலை, அல்லது ஏர். பள்ளிக்கூடம் நெடுங்காலமாகப் பிள்ளைகளிடம் சொல்லிவந்தது இதைத்தான். பிள்ளைகள் சொன்னபடியே படித்தார்கள், படித்தபடியே போனார்கள், போனவர்கள் திரும்பவில்லை. கடைசியில் பள்ளிக்கூடத்துக்கே பிள்ளையில்லை!

கதை அளக்கவில்லை தோழர்களே, கணக்குச் சொல்கிறோம். ஜப்பான் நாட்டு ஷிமானே மாகாணத்தில் ஓகி என்றொரு தீவுக்கூட்டம். கரையிலிருந்து கப்பலில் ஏறினால் மூன்று மணி நேரப் பயணம். அங்கே அமா என்னும் சிற்றூர். 1950-ஐ ஒட்டி ஏறத்தாழ 7,000 பேர் வாழ்ந்த ஊரில், அண்மை ஆண்டுகளில் இருப்பவர்கள் 2,300 பேர் அளவில்தான். அந்தத் தீவுக்கும் அக்கம்பக்கத்து இரு தீவுகளுக்கும் சேர்த்து ஒரே ஓர் உயர்நிலைப் பள்ளி, ஓகி தோசென். 2008-இல் அதன் மாணவர் தொகை 90 அளவுக்குச் சரிந்தது. மூடிவிடலாமே என்று பேச்சு எழுந்தது.

மூடினால் என்ன ஆகும்? பதினைந்து வயதுப் பிள்ளை கப்பலேற வேண்டும். பிள்ளைக்குச் சோறு பொங்கத் தாயும் பின்னே போவாள். தகப்பன் எத்தனை நாள் தனியே அடுப்பூதுவான்? பூட்டுப் பள்ளிக்குத்தான், ஆனால் அடைபடுவது ஊர்!

ஊரார் ஒப்பவில்லை. 2008-இல் திட்டம் தீட்டினார்கள். தீவின் தொழிலையும் தேய்வையும் தேவையையும் பாடமாக்கினார்கள். மாணவர்கள் மீனவரிடமும் உழவரிடமும் போய்க் கேட்டார்கள். 2010-இல் ஊரே ஒரு மாலைப் பயிலகம் அமைத்தது. வெளியூர்ப் பிள்ளைகளையும் வரவேற்றது. பத்தாண்டுக்குள் மாணவர் தொகை ஏறத்தாழ இரு மடங்கு!

இங்கே ஒரு சுவையான செய்தி. இறைச்சிக்குப் பதிலாகக் கடல்நத்தையைப் போட்டுக் கறி ஆக்குவது அத்தீவார் வழக்கம். ('கறி' எந்த மொழியிலிருந்து உலகம் சுற்றப் புறப்பட்டது என்பதை நம் தோழர்களுக்கு நாம் சொல்ல வேண்டுமா?) அதில் ஒரு புதுமையும் இருப்பதாக அவர்கள் எண்ணவில்லை. வெளியிலிருந்து வந்த கண் வியந்தது. பிறகு அது பொட்டலத்தில் அடைபட்டு விலைபோயிற்று. உள்ளூர் அறிவும் வெளியூர்க் கண்ணும் சந்திக்க வேண்டும். பல்கலைக்கழகம் பள்ளியோடு கைகோக்க வேண்டும் என்பது அதனால்தான். போதிக்க மட்டுமல்ல, கேட்கவும் பேராசிரியர் வரட்டும்!

"ஊர்ப்பாடம், உள்ளூர்க் கல்வி" என்றதும் நம்மில் மூத்தவர்களுக்கு நெற்றி சுருங்கும். சுருங்கட்டும், நியாயந்தான். 1953-இல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் என்ன சொன்னது? அரைநாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். சவரத் தொழிலாளி மகனுக்குக் கத்தி, சலவைத் தொழிலாளி மகனுக்கு வெள்ளாவி! குலக்கல்வி என்று நாடு கொதித்தது, 1954-இல் கைவிடப்பட்டது. ஆகவே யார் ஊர்ப்பாடம் என்றாலும் நாம் முதலில் கேட்பது ஒன்றே: அந்தப் பாடத்தின் முடிவில் வாசல் இருக்கிறதா, சுவர் இருக்கிறதா?

ஷிமானே பல்கலைக்கழகம் 2021-இல் ஒரு வாசல் திறந்தது. பள்ளிப் பருவத்தில் எதை நாடினாய், எதைத் தேடிக் கற்றாய் என்று கேட்டு எடைபோடும் மாணவர் சேர்க்கை முறை. அதற்கு இட்ட பெயர் ஹெர்ன். 1890-இல் அந்த மாகாணத்து மத்சுவே நகரப் பள்ளிக்கு ஆங்கில ஆசிரியராக வந்த லாஃப்காடியோ ஹெர்ன்தான் அவர். ஊர் மக்கள் சொன்ன கதைகளைக் காதுகொடுத்துக் கேட்டு நூலாக்கியவர்; 1892-இல் ஓகித் தீவுக்கும் போய்வந்தவர். தீவைப் படித்த பிள்ளை தீவிலேயே கிடக்க வேண்டியதில்லை. அந்தப் படிப்பே அவனைப் பல்கலைக்கழகப் படியேற்றும். திரும்பி வருவதும் வராததும் அவன் விருப்பம். 1953-க்கும் இதற்கும் வேறுபாடு இதுதான்.

குறை இல்லையா? உண்டு. அந்நாட்டுத் தேசியப் பல்கலைக்கழகங்களில் பெரும்பகுதி இடங்களை நிரப்புவது இன்றும் எழுத்துத் தேர்வு மதிப்பெண்தான். 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் தேடிக் கற்கும் பாடவேளையைப் புதிய பாடத்திட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது; அதை நடத்தும் சுமை ஆசிரியர் தலையில். பேராசிரியர் ஆண்டுக்கொரு முறை வந்து படமெடுத்துக்கொண்டு போனால் அந்தச் சுமை குறையுமா? 2040-க்குள் இளம்பெண்கள் தொகை பாதிக்கும் கீழே போய், மறையும் அபாயத்தில் நிற்கும் ஊராட்சிகள் 896 என்று 2014-இல் அங்கே ஓர் அறிக்கை பட்டியலிட்டது. அமா தன் பள்ளியைக் காத்துக்கொண்டது. மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு எந்தப் பல்கலைக்கழகம் வாசல் திறக்கப்போகிறது?