கணக்கில் வராத கால்கள்

– முதுகலை வரலாறு, இரண்டாம் ஆண்டு மாணவி

'கால்' என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. உடலின் உறுப்பு கால். நாலில் ஒரு பங்கும் கால். காற்றுக்கும் பழந்தமிழில் கால் என்றே பெயர். நம் வீட்டுப் பெரியவர்களோ மூட்டு நோய் எதுவானாலும் 'வாதம்', 'வாய்வு' என்று காற்றின் கணக்கிலேயே எழுதிவிடுவார்கள். ஆகவே, காலில் வந்த வாதம் என்றால் காலுக்குக் காலே பகையானது என்று பொருள்! சொல்லாராய்ச்சி சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்தாண்டுகளாக அந்த நோயோடு வாழ்பவள் என்ற முறையில் நான் இங்கே சொல்ல வந்தது வேறு. காலின் நோயை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. வீடு எடுப்பதில்லை, கல்லூரி எடுப்பதில்லை, சில வேளைகளில் மருத்துவத்தின் கணக்கே எடுப்பதில்லை.

எனக்கு வந்திருப்பது முடக்குவாதம். இது வயதானவர்களுக்கு வரும் தேய்மானம் அன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் மூட்டின் உட்சவ்வையே தாக்குவதால் வருவது. எந்த வயதிலும் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதி. கை, பாதங்களில் உள்ள சிறு மூட்டுகளைத்தான் பெரும்பாலும் முதலில் பிடிக்கும். ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். அத்தனை மூட்டுகளும் சேர்ந்து தூக்கத்திலிருந்து விழிக்க மறுக்கும் காலைப்பொழுதை எண்ணிப் பாருங்கள்! கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடி சரளைக் கல்லின்மேல் வைத்தது போலிருக்கும். அந்த இறுக்கம் தளர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பகல் 12 மணிக்கு நான் ஓரளவு நடப்பதைப் பார்ப்பவர்கள், "காலையில் நொண்டினாயே, அது நடிப்பா?" என்று கேட்பது இதனால்தான்.

வீட்டில் கேள்வி வேறு விதம். "வயசுப் பொண்ணு, மூட்டுவலின்னு வெளியில சொல்லிக்கிட்டுத் திரியாதே" என்றார் அத்தை. அம்மாவும் ஆமோதித்தார். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும்போது தொடங்கிய வலி, 'சுளுக்கு' என்ற பெயரில் ஓராண்டுக்கு மேல் மறைந்து வாழ்ந்தது. நல்லெண்ணெய், வேது, தைலம், பிறகு எலும்பு மருத்துவர். எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பில் குறையில்லை என்றார்கள். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமலிருப்பது இந்நோயின் குணம் என்பதை அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. வலி மாத்திரையும் வாய்வு மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். கடைசியில் ஓர் அரசு மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனைகள் செய்து நோயின் பெயரைச் சொன்னார்கள். அந்த ஓ.பி. சீட்டு வாங்க நான் வரிசையில் நின்றது இரண்டு மணி நேரம். கால் நோவுக்காரர்கள் காலூன்றி நின்றால்தான் காலைப் பார்ப்பார்கள்!

மருந்து தொடங்கியது. அப்போதுதான் அந்த வியப்பான கணக்கை அறிந்தேன். முடக்குவாதம் எந்த அளவு அடங்கியிருக்கிறது என்று மதிப்பிட மருத்துவர்கள் 28 மூட்டுகளை அழுத்திப் பார்ப்பார்கள். 1995 முதல் உலகெங்கும் புழங்கும் முறை இது. தோள் 2, முழங்கை 2, மணிக்கட்டு 2, விரல் மூட்டுகள் 20, முழங்கால் 2. கூட்டினால் 28. கணுக்கால் எங்கே? பாதம் எங்கே? இல்லை! சுருக்கமாகவும் விரைவாகவும் முடிய வேண்டும் என்பதற்காக விட்டுவிட்டார்கள். பெரும்பாலோருக்கு அந்தக் கணக்குச் சரியாகவே வரும். ஆனால் என்னைப் போல் கை நலமாக, கால் மட்டும் எரிந்துகொண்டிருப்பவர்களுக்கு? தாளில் நோய் அடங்கிவிடும், தரையில் அடங்காது. "ஐயா, செருப்பைக் கழற்றட்டுமா?" என்று நான் கேட்ட பிறகே ஒரு மருத்துவர் என் கணுக்காலைத் தொட்டுப் பார்த்தார். அன்றே மருந்தையும் மாற்றினார். ஆகவே இந்நோய் உள்ள தோழியர்க்கு என் வேண்டுகோள்: யாரும் கேட்காவிட்டாலும் செருப்பைக் கழற்றிக் காட்டுங்கள்.

மருந்தைப் பற்றியும் வரலாற்று மாணவி என்ற முறையில் ஒரு சொல். நான் உண்பது மெத்தோட்ரெக்ஸேட். முதலில் புற்றுநோய்க்காக உருவானது. முடக்குவாதத்துக்கு அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது 1988இல். அம்மருந்து பிறந்த லெடர்லே ஆய்வகத்தின் ஆராய்ச்சிக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்ரகட சுப்பாராவ். 1895இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். பெற்றவர் என்பார்கள். 1948இல் மறைந்தார். அவரை நம் பாடநூல்கள் இன்னும் கொஞ்சம் கொண்டாடலாம்.

இந்த மாத்திரையை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே உண்ண வேண்டும். நாள்தோறும் உண்டால் உயிருக்கே கேடு. குணம் தெரியப் பல வாரங்கள் ஆகும், இரத்தத்தையும் கல்லீரலையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும், கருவுற்றிருக்கும்போது கூடாது. இவ்வளவு பொறுமை எங்கே கிடைக்கும்? ஆகவேதான் மூன்றே நாளில் வலி போக்கும் பெயரில்லாப் பொடிகள் சந்தையில் விலை போகின்றன. அத்தகைய பொடிகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது சோதனைகளில் வெளிப்பட்டிருக்கிறது. வலி மறையும், உள்ளே மூட்டு அழிவது நிற்காது. சித்த மருத்துவத்தை நான் பழிக்கவில்லை. பெயர் எழுதாத பொட்டலத்தைத்தான் பழிக்கிறேன்.

என் வலக் கணுக்காலில் குருத்தெலும்பு போய்விட்டது. இனி மருந்தால் அது வளராது. எலும்புகளைத் திருகாணியால் இணைத்து மூட்டை அசையாமல் செய்துவிடலாம் என்கிறார் அறுவை மருத்துவர். வலி போகும், அசைவும் போகும். சமதரையில் நடக்கலாம், படியிலும் சரிவிலும் தடுமாற்றம் இருக்கும், குந்தி உட்காருவது கடினம். செயற்கைக் கணுக்கால் உண்டு. ஆயினும் முழங்கால் மாற்று போல அது பரவலாகவில்லை. என் வயதில் வைத்தால் பின்னொரு நாள் மாற்றவும் நேரலாம். முடிவெடுக்க அடுத்த கோடை வரை காலம் கேட்டிருக்கிறேன். அதுவரை எம்.சி.ஆர். செருப்பும் கணுக்கால் பட்டையும் துணை. (அந்தச் செருப்பைப் பார்த்ததும் "சர்க்கரையா?" என்று கேட்காதவர் இந்த ஊரில் இல்லை.)

சட்டம் என்ன சொல்கிறது? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. முடக்குவாதத்துக்கெனத் தனி இடமில்லை. இயக்கக் குறைபாடு என்ற வகையில்தான் நுழைய வேண்டும். இட ஒதுக்கீடு போன்ற உரிமைகளுக்கு 40 விழுக்காடு வேண்டும். காலை ஏழு மணிக்கு ஓர் எண், நண்பகலில் ஓர் எண் என்று மாறும் காலை எந்த நேரத்தில் அளப்பது? 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை, மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பேருந்தின் முதல் படி என் முழங்கால் உயரத்தில் இருக்கிறதே! சென்னையில் 2024இல் தாழ்தளப் பேருந்துகள் விட்டார்கள். எங்கள் தடத்தில் இன்னும் பார்க்கவில்லை.

இனி நம் கல்லூரிக்கு வருகிறேன். பேராசிரியப் பெருமக்கள் வகுப்புக்குள் நுழையும்போது நான் எழாமலிருப்பது செருக்கு அன்று. எழுவதற்குள் தாங்கள் அமர்ந்துவிடுகிறீர்கள்! தேர்வுக் கூடத்தைத் தரைத்தளத்தில் தாருங்கள் என்று கேட்டால், "சான்றிதழ் இருக்கிறதா?" என்பதே முதற்கேள்வியாகிறது. சலுகைக்குச் சான்றிதழ் கேட்பது முறைதான். மேசையை மாற்றிப் போடுவதற்குமா? சாய்தளம் தரைத்தளத்தோடு நின்றுவிட்டது. மகளிர் கழிப்பறையில் மேற்கத்தியப் பீடம் ஒன்றுகூட இல்லை. ஆகவே கல்லூரி நாட்களில் நான் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. இதை ஆண்டு மலரில் எழுதலாமா என்று தோழிகள் கூசினார்கள். எழுதாவிட்டால் எப்படித் தெரியும்?

முதுகலை வரலாற்று வகுப்பு இரண்டாம் மாடியில் இருக்கிறது. 44 படிகள், நூலகத்துக்கும் உணவுக்கும் இறங்கி ஏறினால் ஒரு நாளைக்கு மூன்று முறை. நாங்கள் வகுப்பில் 19 பேர். தரைத்தளத்தில் ஆறாம் எண் அறை 25 பேர் அமரக்கூடியது. போன ஆண்டு விழாவின் பந்தல் மூங்கில்களும் உடைந்த பெஞ்சுகள் நான்கும் அதில் கிடக்கின்றன. சாவி அலுவலகத்தில் இருக்கிறது.