29 பெரிசோ, 28 பெரிசோ?

யாழ்ப்பாணத்துச் சைக்கிள் கடையில போய் "26 ரயர் ஒண்டு தாங்கோ" எண்டு கேட்டால், "எந்த 26?" எண்டுதான் திருப்பிக் கேட்பினம். நியாயமான கேள்வி. பழைய லேடீஸ் சைக்கிளின் 26×1 3/8 ரயர் குந்துற றிம்மின் விட்டம் 590 மில்லிமீற்றர். மவுண்டன் சைக்கிளின் 26×1.95 ரயருக்கு 559. ஒண்டை மற்றதில் போடவே ஏலாது.

இதைவிட விசர்க் கணக்கும் இருக்கு. இப்ப வாற 27.5 சில்லின் றிம் 584, அதாவது அந்தப் பழைய 26ஐ விடச் சின்னன். 29 எண்டு விற்கிறது 622. எங்கட அப்பப்பாமார் உழக்கின 28×1½ பெரிய சைக்கிள் 635! அங்குலக் கணக்கு காற்றடிச்ச ரயரின் வெளிவிட்டத்தைக் குத்துமதிப்பாகச் சொல்ல வந்தது. ரயர் பொருந்துறதோ உள்விட்டத்தில. (நான் கலைப்பீடம். கணக்கு எனக்கு ஆகாது. இதுக்காகவே உட்கார்ந்து படிச்சன்.)

பி.எஸ்.ஏ. சைக்கிளின் சின்னத்தில மூண்டு துப்பாக்கி சாத்தி வைச்சிருக்கும், கவனிச்சிருக்கிறீங்களோ? அந்தக் கம்பனி 1861இல் பர்மிங்காமில் துப்பாக்கி செய்யத்தான் தொடங்கினது. கையால் ராவிச் செய்த துப்பாக்கியில் ஒண்டின் பாகம் மற்றதுக்குப் பொருந்தாது. மெஷினில் செய்தால் பொருந்தும். பிறகு சைக்கிளுக்கு வந்தவை. பெடல் அச்சு ஓடுற கப்புக்கு அங்குலத்துக்கு 24 புரி எண்ட அளவை இண்டைக்கும் பி.எஸ்.ஏ. புரி எண்டுதான் சொல்லுறது. ஆனால் றலி கம்பனி கனகாலம் தன்ர சைக்கிளுக்கு 26 புரிதான் வெட்டினது. அதுக்கு வேற ஆற்றையும் கப் பூராது, றலியிட்டையே வாங்கவேணும். விளங்குதுதானே?

தொண்ணூறுகளில் பெற்றோலும் பற்றரியும் குடாநாட்டுக்குள்ள வராத காலத்தில சைக்கிள் டைனமோவைச் சுத்தித்தான் ரேடியோ கேட்டவை எண்டு வீட்டில சொல்லுவினம். சனமும் சாமானும் சைக்கிளில்தான் போனது. ரோட்டில நிண்டது அனேகமாய் ஒரே மாதிரிப் பெரிய சைக்கிள்கள். உடைஞ்சதில் கழற்றினதை ஓடுறதில் பூட்டலாம். 2022இல் பெற்றோல் வரிசை வந்தபோது திரும்பவும் எல்லாரும் சைக்கிளைத் தேடினம். ஆனால் இந்தமுறை ஒவ்வொண்டும் ஒவ்வொரு அளவு. என்ர நண்பன் ஒருத்தன் செக்கன்ட்ஹாண்டில் வாங்கின கியர் சைக்கிள், ரயர் கிடைக்காமல் ரெண்டு மாதம் சுவரோடு சாய்ஞ்சு நிண்டது. அவன் கொக்குவிலில இருந்து கம்பஸுக்கு நடந்தான்.

புது வடிவத்துக்குப் புது அளவு வேணும் எண்டு சொல்லலாம். வேணுமெண்டால் செய்யட்டும், நான் மறிக்கேல்லை. ஆனால் எந்த அளவு எண்டதை வாங்கிற ஆளுக்கு ஏன் மறைக்கிறது? ஐ.எஸ்.ஓ. 5775 எண்ட தரம் இருக்கு. அதன்படி ரயரின் பக்கத்தில 37-590 மாதிரி ஒரு இலக்கம் இருக்கும்: முதலாவது அகலம், இரண்டாவது றிம் விட்டம். ரயரைக் குனிஞ்சு பார்த்தால் அனேகமாய்த் தெரியும். விளம்பரத்திலும் விலைச்சீட்டிலும் மட்டும் "26", "29" எண்டு நிக்கும்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருளின் லேபிளில் என்ன இருக்கவேணும் எண்டு வியாபாரிகளுக்குப் பணிக்க அதிகாரம் இருக்கு. சைக்கிள் விற்கிற இடத்தில றிம் விட்டத்தை மில்லிமீற்றரில் எழுதச் சொல்லட்டும். அதுவரைக்கும், புதுச் சைக்கிளுக்குக் காசு குடுக்க முதல் அந்தக் கடைசி மூண்டு இலக்கத்தைக் கொப்பியில எழுதிக்கொண்டு, உங்கட ஊர்ச் சந்திக் கடையில அந்த ரயர் இருக்கோ எண்டு கேட்டுப்போட்டு வாங்கோ.