கூடையும் முதுகெலும்பும்

விடியற்காலைக் குளிரில் பெரட்டுக்களத்தைவிட்டு மலைக்குப் புறப்படும் பெண்களை அட்டன், நுவரெலியாப் பகுதிகளில் அறியாதார் இல்லை. கூடைக் கயிறு தலையில், கொழுந்தின் பாரம் முதுகில், நிற்பதோ சரிவில். அந்தியில் லயத்துக்குத் திரும்பி, “இடுப்பு விட்டுப் போச்சு” என்று குந்தும் தாய்க்கு நாம் கூறும் புத்திமதி ஒன்றே: “நாலு நாள் அசையாமல் படுங்கள்.”

இப் புத்திமதி சரிதானா? 1986-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இடுப்புவலியுற்ற 203 பேரை இரு பிரிவாக்கி, ஒரு சாராரை இரண்டு நாளும் மறுசாராரை ஏழு நாளும் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். ஏழு நாள் ஓய்வு கூடுதலான குணம் எதையும் தரவில்லை. வேலையிழந்த நாட்களே கூடின. 1995-இல் ஹெல்சிங்கி நகர ஊழியரிடம் நடந்த ஆராய்ச்சியில், வலி இடங்கொடுத்த அளவுக்கு அன்றாட அலுவல்களைச் செய்தவர்களே விரைவில் தேறினார்கள். நீடித்த இடுப்புவலிக்குத் தேகப்பயிற்சியும், நோயைப் பற்றிய விளக்கமும் உதவும் என்று 2023-இல் உலக சுகாதார நிறுவனமும் கூறியது.

ஆனால் கால் மரத்தல், சிறுநீர் தடைப்படல், காய்ச்சல், விழுந்தபின் கடும் வலி ஆகியவை கண்டால் தைலம் தடவிக் காத்திராது உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

“வலி இடங்கொடுத்த அளவுக்கு” என்பதில்தான் நம் தாய்மாரின் சங்கடம் இருக்கிறது. நகர ஊழியர் மெல்ல நடந்து, சற்றே இருந்து வேலை பார்க்கலாம். குறித்த நிறைக்குக் கொழுந்து எடுத்தாலன்றி முழுப்பேர் இல்லை என்னும் தோட்டத்தில் வலியின் சொல் எடுபடுமா? அரைப்பேருக்கு அஞ்சியே அவள் வலியை மறைக்கிறாள்.

தேயிலைச் செடியின் நலம் நாட 1925-இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அது தலவாக்கலையில் இருந்து பணி செய்கிறது. செடிக்குச் செய்தது நன்றே. கொழுந்தெடுக்கும் முதுகுக்கும் அத்தகைய ஆராய்ச்சி வேண்டாமா? பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இயன்மருத்துவப் பட்டப்படிப்பு உண்டு. மேற்பட்ட ஆராய்ச்சிக்குப் பொருள் தேடும் இளைஞர்கள் மலையேறி வரட்டும். எவ்வளவு பாரம் சேர்ந்ததும் கூடையை இறக்கவேண்டும், கயிற்றின் இழுப்பைக் கழுத்திலிருந்து எவ்வாறு குறைக்கலாம், நோயுற்று மீண்டவளுக்கு எத்தனை நாள் இலகுவான வேலை வேண்டும் என்று ஆராயட்டும். கண்ட முடிவை லயத்துக்கு வந்து தமிழில் சொல்லட்டும்.

அதுவரை வீட்டார் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மாலையில் தண்ணீர்க் குடத்தையும் விறகுக் கட்டையும் அந்த முதுகில் ஏற்றாதிருப்போம்.